அப்போஸ்டில் கணினிக்குப் போனால் அசல் சான்றிதழ் வீட்டிலேயே இருக்குமா?

கன்னியாகுமரி மாவட்டம் இரணியலிலிருந்து ஒரு கேள்வி, 02.06.2025

தங்கச்சி பி.எஸ்சி நர்சிங் முடித்துவிட்டு நாகர்கோவிலில் மூன்று வருடம் வேலை பார்த்தாள். இப்போது ரியாத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை சரியாகியிருக்கிறது. அப்போஸ்டில் வாங்க வேண்டும் என்று ஏஜென்ட் அசல் டிகிரி, அசல் மார்க் ஷீட், நர்சிங் கவுன்சில் பதிவு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்துவிடச் சொல்கிறார். திரும்பி வர ஒரு மாதம் ஆகலாமாம். அம்மாவுக்கு ராத்திரி தூக்கமில்லை. எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. டிகிரி டிஜிலாக்கரில், அதாவது அரசின் இணைய ஆவணப் பெட்டியில், இருக்கிறது. வெளிநாட்டுக்காகச் சான்றிதழில் ஒட்டுகிற அப்போஸ்டில் ஸ்டிக்கரையே எலக்ட்ரானிக்காகத் தருகிற நாடுகளும் இருக்கின்றன. அந்த ஸ்டிக்கரை மட்டும் கணினிக்கு மாற்றிவிட்டால் இந்த அலைச்சல் முழுக்க முடிந்துவிடும், இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

02.06.2025, இரவு

முடிந்துவிடும் என்றுதான் எனக்கும் சொல்லத் தோன்றுகிறது. மார்த்தாண்டத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை போட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. வாரத்துக்கு நாலு பேராவது இந்தக் கவரோடு வந்து நிற்பார்கள். மேசையில் வைக்கக்கூட மனம் வராது, நெஞ்சோடு அணைத்துக்கொண்டேதான் பேசுவார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போஸ்டில் என்பது ஓர் அரசு ஆவணத்தில் இருக்கிற கையெழுத்தும் முத்திரையும் உண்மைதான் என்று அந்த நாடே எழுதிக் கொடுக்கும் சான்று. 1961 அக்டோபர் 5-ல் ஹேக் நகரில் போட்ட ஒப்பந்தம் இது, 1965-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் ஒருவர் கையெழுத்துக்கு அடுத்தவர் சாட்சி, அவருக்கு இன்னொருவர் சாட்சி என்று போய், கடைசியில் தூதரகம் வரை நீளும். ஒப்பந்தம் அந்தத் தூதரகப் படியை வெட்டியது. இந்தியா 2004-ல் சேர்ந்தது, 2005 ஜூலை 14 முதல் நமக்குச் செல்லுபடி. இப்போது 120-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன.

நம் ஆட்கள் கையில் நான் பார்ப்பது சான்றிதழின் பின்பக்கம் ஒட்டிய சதுர ஸ்டிக்கர். ஒப்பந்தத்தின் மாதிரிப்படி ஒரு பக்கம் 9 செ.மீ.க்குக் குறையக்கூடாது, உள்ளே 1 முதல் 10 வரை எண் போட்ட வரிகள், தலைப்பு பிரெஞ்சு மொழியில்தான் இருக்க வேண்டும். நேற்று கடைக்கு வந்த ஒரு டிகிரியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். மேலே பல்கலைக்கழகத்தின் ஊதா சீல், அதன் மேல் பாதி ஏறியபடி மாநிலத்தின் முத்திரை, அதற்குக் கீழே ஸ்டிக்கர், ஓரத்தில் யாரோ பால்பாயிண்ட் பேனாவில் போட்ட ஒரு டிக். மை முன்பக்கம் வரை ஊறி, அந்தப் பெண்ணின் பெயரில் ஓர் எழுத்தை மங்கடித்திருந்தது. நாலு வருடம் படித்து வாங்கிய தாள் அது.

அதனால் என் பதில் ஆமாம். ஸ்டிக்கரைக் கணினிக்கு மாற்ற வேண்டும், சீக்கிரம் மாற்ற வேண்டும்.

03.06.2025

ராத்திரி அவசரத்தில் எழுதினேன், சவுதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கேட்டவருக்கு வேண்டியதே அதுதான்.

சவுதி அரேபியாவுக்கு இந்த ஒப்பந்தம் 2022 டிசம்பர் 7 முதல்தான் செல்லும். அதற்கு முன்னால் நம் பிள்ளைகள் பட்ட பாடு வேறு. என் மனைவி 2011-ல் போனாள். பல்கலைக்கழகம், சென்னைத் தலைமைச் செயலகம், டெல்லியில் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் சவுதிக் கலாச்சாரப் பிரிவு, அப்புறம் தூதரகம். ஒவ்வொரு படியிலும் அசல் கை மாறியது. இடையில் 23 நாள் அந்தக் கவர் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏஜென்ட் கூரியரைக் கை காட்டுவார், கூரியர்காரர் ஏஜென்டைக் கை காட்டுவார். மாமியார் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார். நான் அந்த கூரியர் அலுவலகத்தின் பின்கட்டில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொரு கவராகப் புரட்டிப் பார்த்தேன். கடைசியில் வேறொரு ஊர் மூட்டையில் கிடைத்தது, கவரின் ஒரு மூலை நனைந்திருந்தது. ஆனால் உள்ளே ஒன்றும் ஆகவில்லை.

டிகிரி தொலைந்தால் நகல் டிகிரி வாங்கலாம்தான். அதற்குக் காவல் நிலையத்தில் புகார், தேடியும் கிடைக்கவில்லை என்று சான்று, உறுதிமொழிப் பத்திரம், பல்கலைக்கழகத்தில் பல மாதக் காத்திருப்பு. அதற்குள் விசா காலாவதி ஆகிவிடும்.

இப்போது சவுதிக்கு அப்போஸ்டில் போதும் என்பது சின்ன விஷயமே இல்லை. இரண்டு படி குறைந்திருக்கிறது. ஆனால் அசல் கை மாறுவது நிற்கவில்லை.

03.06.2025, மறுபடியும்

ஒன்று மட்டும். சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். அசலைப் பத்திரப்படுத்துகிறோம் என்று நம் வீடுகளில் முதலில் செய்வது அதைத்தான். பிளாஸ்டிக் மேல் சீலும் ஒட்டாது, கையெழுத்தும் நிற்காது, வாங்கவே மாட்டார்கள். கருங்கலிலிருந்து வந்த ஓர் அப்பா வீட்டிலேயே இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி உரித்துப் பார்த்திருக்கிறார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் மதிப்பெண் வரிசை பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. அந்தப் பிளாஸ்டிக்கையும் கொண்டு வந்திருந்தார், வெளிச்சத்தில் பிடித்தால் எண்கள் தெரிந்தன. எனக்குப் பேச்சு வரவில்லை.

06.06.2025

எலக்ட்ரானிக் அப்போஸ்டில் எப்படி இயங்குகிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தை நடத்தும் ஹேக் மாநாட்டு அமைப்பு 2006-ல் இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதில் இரண்டு பகுதி உண்டு. இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது, சான்றையே மின்னணுக் கோப்பாகத் தருவது. அதாவது ஒரு பிடிஎஃப், அதில் அதிகாரியின் டிஜிட்டல் கையொப்பம். கோப்பில் ஒரு புள்ளியை மாற்றினாலும் கையொப்பம் செல்லாது என்று காட்டிவிடும். இரண்டாவது, மின்பதிவேடு. ஒப்பந்தத்தின் 7-வது பிரிவுப்படி அப்போஸ்டில் கொடுக்கிற ஒவ்வொரு அலுவலகமும் கொடுத்தவற்றின் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் திறந்துவிட்டால், உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் எண்ணையும் தேதியையும் போட்டு, இது உண்மையில் கொடுக்கப்பட்டதுதானா என்று பார்த்துக்கொள்ளலாம். நியூசிலாந்து 2009-லேயே இரண்டையும் செய்துவிட்டது. நம் ஸ்டிக்கரிலும் தனி எண் உண்டு, அதை இணையத்தில் சரிபார்க்கலாம். ஆக, தாள் ஸ்டிக்கராகவே இருந்தாலும் இரண்டாவது பகுதியில் பாதி நம்மிடம் இருக்கிறது.

இப்போது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போன வருடம் ஒரு அம்மா, லண்டனில் இருக்கிற மகன் அனுப்பியது என்று ஒரு பிடிஎஃப்பை என் போனுக்கு அனுப்பினார். அங்கே ஒரு நோட்டரி டிஜிட்டலாகக் கையெழுத்திட்டு, அதற்கு அரசு மின்-அப்போஸ்டில் கொடுத்திருந்தது. நான் நல்ல தாளில் கலரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா கொண்டுபோன அலுவலகத்தில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேனாவில் போட்ட கையெழுத்து எங்கே, ரப்பர் சீல் எங்கே என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் தவறு என்னுடையது. பிரிண்ட் எடுத்த நிமிடமே அது வெறும் கலர் ஜெராக்ஸ். டிஜிட்டல் கையொப்பம் கோப்புக்குள் இருக்கிறது, தாளுக்கு வராது. நான் அந்தக் கோப்பைத்தான் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்க வேண்டும், சரிபார்க்கும் முகவரியையும் சேர்த்து. மறுநாள் அப்படித்தான் செய்தோம். அங்கே இருந்த ஓர் இளைய அலுவலர் கணினியில் திறந்து பார்த்தார், வேலை முடிந்தது.

இதில் சட்டம் தெளிவு. ஒரு நாடு முறைப்படி கொடுத்த மின்-அப்போஸ்டிலை, மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இன்னொரு உறுப்பு நாடு தள்ளக்கூடாது. ஆனால் சட்டம் கவுன்டர் வரை நடந்து வர நாளாகும்.

07.06.2025

திருத்தம். மேலே சவுதியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, வளைகுடா முழுக்க அப்போஸ்டில் போதும் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள் போல. அப்படி இல்லை. ஓமனுக்கு 2012-லிருந்து, பஹ்ரைனுக்கு 2013 கடைசியிலிருந்து, சவுதிக்கு 2022-லிருந்து. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஒப்பந்தத்தில் இல்லை. அவற்றுக்கு இன்னும் வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண அட்டஸ்டேஷன் (சான்றொப்பம்), அப்புறம் அந்தந்த நாட்டுத் தூதரகம். துபாய்க்குப் போகிறவரிடம் யாராவது அப்போஸ்டில் போட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

10.06.2025

நம் அப்போஸ்டில் ஜெர்மனியில் செல்லுமா என்று கேட்ட குளச்சல் பெண்ணுக்கு.

இதை நான் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் நம் மாவட்டத்தில் நிறையப் பணம் வீணாகிறது. ஜெர்மன் மொழி வகுப்புப் பலகை இல்லாத முக்கு இப்போது நாகர்கோவிலில் இல்லை, பி1, பி2 என்ற மொழித் தேர்வு நிலைகளுக்குப் பிள்ளைகள் ராப்பகலாகப் படிக்கிறார்கள். ஜெர்மனியும் ஒப்பந்தத்தில் இருக்கிறது, இந்தியாவும் இருக்கிறது. ஆனால் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அப்படி ஆட்சேபித்தால் அந்த இரண்டு நாடுகளுக்கு நடுவில் மட்டும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வராது, அதற்கு 12-வது பிரிவில் இடம் உண்டு. அதனால் இந்தியப் பிறப்புச் சான்று, திருமணச் சான்று போன்றவற்றை ஜெர்மன் தூதரகங்கள் தாங்களே ஆள் வைத்து, கொடுத்த அலுவலகத்தில் போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வரச் சொல்லும் முறையைத்தான் பின்பற்றுகின்றன.

முதலில் இதைக் கேட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. நம் நாட்டு முத்திரையை நம்ப மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று. பிறகு மெதுவாக ஒன்று உறைத்தது. அவர்கள் முத்திரையைப் பார்க்கவில்லை, பதிவேட்டைப் பார்க்கிறார்கள். ஸ்டிக்கர் எத்தனை அழகாக இருந்தாலும் அடியில் இருக்கிற புத்தகத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி. நர்சுகளுக்குச் சவுதி உரிமம் கொடுக்கும்போது நடக்கும் மூல ஆவணச் சரிபார்ப்பும் இதேதான். நீங்கள் காட்டும் தாளை விட்டுவிட்டு நேராகக் கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் எழுதிக் கேட்கிறார்கள்.

அந்தப் பெண் என்ன செய்ய வேண்டும் என்றால், உங்கள் தகுதியை அங்கீகரிக்கப் போகிற அந்த ஜெர்மன் மாநில அலுவலகம் என்ன கேட்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். அது வரும்வரை ஒரு ஸ்டிக்கருக்கும் பணம் கட்டாதீர்கள்.

13.06.2025

2-ஆம் தேதி எழுதியதை இப்போது மாற்றிக்கொள்கிறேன். ஸ்டிக்கரைக் கணினிக்கு மாற்றினால் போதும் என்று சொன்னேன். போதாது.

பத்து நாளாக இது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நேற்று மழையில் கடையில் ஆளில்லை, வந்த ஒரே வாடிக்கையாளர் குழித்துறைப் பக்கத்து ஒரு பெரியவர். அவருடைய அம்மாவின் பிறப்பு விவரம் வேண்டும், பேரன் ஏதோ வெளிநாட்டு விண்ணப்பத்துக்குக் கேட்கிறான். கையில் இருந்தது கிறிஸ்தவக் கோவில் ஞானஸ்நானப் பதிவின் ஒரு பகுதி, மலையாளத்தில், தேதி கொல்லம் ஆண்டு 1120. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவிலும் பழைய பத்திரம், பழைய பதிவு என்று எதை எடுத்தாலும் மலையாளமும் கொல்லம் ஆண்டும் வரும். 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும், மாதத்தைப் பொறுத்து. நான் தாளில் கூட்டிக் காட்டினேன், 1944 அல்லது 1945. பெரியவர் சொன்னார்: ‘மக்கா, அம்ம பொறந்தப்ப ஓணம் கழிஞ்சு நாலாம் நாளு, அது எழுதீருக்கா பாரு.’ எழுதியிருக்கவில்லை.

இந்தத் தாளை நான் ஸ்கேன் செய்து, அதன் மேல் உலகத்திலேயே சிறந்த டிஜிட்டல் அப்போஸ்டிலைப் போட்டாலும் என்ன பயன்? அப்போஸ்டில் சொல்வது மேலே கையெழுத்துப் போட்டவர் இன்னார், அவர் இந்தப் பதவியில் இருந்தார் என்பதைத்தான். உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று அது ஒரு நாளும் சொல்வதில்லை. ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு அது எதை உறுதி செய்யும் என்று சொல்கிறது: கையெழுத்து, பதவி, முத்திரை. உள்ளே எழுதியிருப்பது அதில் இல்லை. மேலும் கோவில் கொடுத்தது அரசு ஆவணமே ஆகாது. அதை வைத்து ஓர் உறுதிமொழி எழுதி நோட்டரியிடம் போனால், நோட்டரியின் கையெழுத்துக்குத்தான் அப்போஸ்டில் கிடைக்கும்.

பெயர் விஷயத்தையும் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். டிகிரியில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து முன்னால், பிறப்புச் சான்றில் ஞானஸ்நானப் பெயர் மட்டும், ஆதாரில் ஓர் எழுத்து கூடுதல். நாலும் ஒரே ஆள். நாலுக்கும் தனித்தனியாக அப்போஸ்டில் வாங்கினால் நாலு உண்மையான கையெழுத்து, நாலு வேறு பெயர். தவறு காகிதத்திலிருந்து கணினிக்கு அப்படியே குடிபெயர்ந்துவிடும். கணினியில் போனபின் திருத்துவது இன்னும் கஷ்டம், ஏனென்றால் திரையில் வந்ததை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆக, முதலில் மாற வேண்டியது அடியில் இருக்கிற பதிவேடு. ஊராட்சி, நகராட்சி, பல்கலைக்கழகம், கவுன்சில், சார்பதிவாளர் அலுவலகம். சான்றிதழ் அங்கேயே மின்னணுவாகப் பிறக்க வேண்டும், கொடுக்கிற அலுவலரே டிஜிட்டலாகக் கையெழுத்திட வேண்டும். தாளில் பிறந்ததை ஸ்கேன் எடுத்து அதன்மேல் மின்-முத்திரை வைப்பது, அழுக்குச் சுவரில் சுண்ணாம்பு பூசுவது மாதிரிதான். இங்கிலாந்து மின்-அப்போஸ்டில் கொடுக்கிற நாடு. ஆனாலும் அங்கே பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்குத் தாள் அப்போஸ்டில்தான், அந்தச் சான்றிதழ்கள் இன்னும் தாளில் வருவதால். காரணம் அங்கேயும் அடியில்தான் இருக்கிறது.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. 2017-ல் வெளியுறவு அமைச்சகமும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து தொடங்கிய இ-சனத் இந்த யோசனையில் பிறந்ததுதான். விண்ணப்பிக்கிறவர் இணையத்தில் விண்ணப்பிப்பார், கொடுத்த நிறுவனம் தன் பதிவைப் பார்த்து இணையத்திலேயே உறுதி செய்யும். வாரியமோ பல்கலைக்கழகமோ தன் பதிவுகளை ஏற்றி வைத்திருந்தால் வேலை ஓடும். ஏற்றாமல் இருந்தால் அங்கேயே நிற்கும். டிஜிலாக்கர் 2015-ல் வந்தது, அதில் வழங்கப்பட்ட ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017-ல் விதியும் வந்துவிட்டது. ஆனால் அது இந்தியாவுக்குள் செல்லும் விதி. ரியாத்தில் இருப்பவருக்கு அதைக் காட்டி வாதாட முடியாது. அவருக்குப் புரிகிற ஒரே மொழி அப்போஸ்டில், அதனால்தான் இரண்டும் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்கிறேன்.

14.06.2025

செலவு கேட்டவருக்கு: அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்குவது ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். விண்ணப்பத்தை வாங்குகிற சேவை நிறுவனத்துக்கும் ஸ்கேனுக்கும் தனியாகக் கொஞ்சம். மீதி நீங்கள் கொடுக்கிற ஆயிரங்கள் எல்லாம் நடக்கிற ஆளுக்கான கூலி. நடையே தேவையில்லை என்று ஆனால் அந்தக் கூலியும் போகும். 2019 முதல் டெல்லி மட்டும் இல்லை, சென்னை, திருவனந்தபுரம் உள்பட நிறைய ஊர்களில் அமைச்சகத்தின் அட்டஸ்டேஷனும் அப்போஸ்டிலும் நடக்கின்றன. கேரளத்தில் படித்த நம் பிள்ளைகளுக்கு மாநில முத்திரை, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசு அமைப்பான நோர்க்கா மூலம் திருவனந்தபுரத்திலேயே கிடைக்கும், காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு மாநில முத்திரை சென்னையில், 700 கிலோமீட்டர். எலக்ட்ரானிக் முறை யாருக்கு முதலில் வேண்டும் என்று கேட்டால், மாநிலத்தின் கடைசி மூலையில் இருக்கிற நமக்குத்தான்.

18.06.2025

கொஞ்சம் விலகிப் போகிறேன். முக்தியார், அதாவது பவர் பத்திரம், பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். தம்பி பஹ்ரைனில், அண்ணன் இங்கே, அப்பாவின் நிலத்தைப் பாகம் வைக்க வேண்டும், தம்பி அங்கிருந்து ஆன்லைனில் கையெழுத்துப் போட்டு முக்தியார் அனுப்பலாமா என்று.

கூடாது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-த்தின் முதல் அட்டவணை சில ஆவணங்களை விலக்கி வைத்திருக்கிறது. உயில் அதில் ஒன்று, இப்படி வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுக்கும் முக்தியாரும் ஒன்று. அவை தாளிலும் மையிலும்தான் இருக்க வேண்டும். தம்பி அங்கே இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்திட்டு அதிகாரியிடம் சான்று வாங்கி அனுப்பட்டும். பதிவுச் சட்டம் 33-வது பிரிவு அதை ஏற்கிறது. தூதரக அதிகாரி கொடுக்கிற ஆவணம் அப்போஸ்டில் ஒப்பந்தத்துக்கே வெளியே, அதற்கு ஸ்டிக்கர் தேவையில்லை. தாள் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், கவரைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

நில முக்தியாரைப் பொறுத்தவரை தாளிலேயே இருக்கட்டும் என்று விட்டிருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. வெளிநாட்டில் இருப்பவரின் நிலத்துக்குப் போலி முக்தியார் வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் மாற்ற வேண்டியதில்லை.

21.06.2025

கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியதற்குப் பதில். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எல்லாம் கோப்பாகிவிட்டால் போனே சரியாகப் பார்க்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அவருடைய அப்பா பஹ்ரைனில் போட்டில் வேலை பார்த்தவர், எல்லாத் தாளையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பவர்.

இதற்கு எனக்கு முழுப் பதில் இல்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆன்லைன் வந்தபோது தாள் ஏஜென்ட் போய், கடை ஏஜென்ட் வந்தான். அதாவது என்னைப் போன்றவன். டிஜிலாக்கர் பின் எண், மின்னஞ்சல் கடவுச்சொல் எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள், ‘அண்ணே நீங்களே வச்சிருங்க, எனக்கு மறந்து போவும்’ என்று. ஒரு நீல நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன், நூற்றுக்கும் மேல் பெயர். உதவி என்று நினைத்துத்தான் வைத்தேன். ஒரு நாள் என் மகள் அதை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள், அப்போதுதான் கையில் என்ன இருக்கிறது என்று பயம் வந்தது. அன்று இரவே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மாற்றச் சொல்லிவிட்டு நோட்டைக் கிழித்து எரித்தேன்.

அசல் தாளை அந்நியர் கையில் கொடுக்கக்கூடாது என்று இத்தனை நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். கடவுச்சொல்லைக் கொடுப்பதும் அசலைக் கொடுப்பதுதான். பிஸ்கட் டின்னுக்கு ஒரு பூட்டு போடலாம், இதற்கு வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பெரியவர்கள் கேட்டால் தாளாகவே கொடுக்கும் வழியும் திறந்திருக்க வேண்டும், அதை மூடக்கூடாது என்பதில் நான் உறுதி.

28.06.2025

இரணியல்காரர் நேற்று கடைக்கே வந்தார், தங்கச்சியும் கூட. நடந்ததைக் கேட்டு எழுதுகிறேன், அவர்கள் சம்மதத்தோடு.

கவரை ஏஜென்டிடம் கொடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் சரிபார்ப்புக் கடிதம் முதலில் வாங்கினார்கள், ஒன்பது நாள். அப்புறம் அந்தப் பெண்ணே அண்ணனோடு அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை போனாள். ராத்திரி முழுக்க ஃபைலைத் தலைக்கடியில் வைத்துப் படுத்திருக்கிறாள். மாநில முத்திரையும் அப்போஸ்டிலும் முடித்து ஆறாம் நாள் அசலோடு வீடு திரும்பினார்கள். கவுன்சில் பதிவில் பெயருக்கு நடுவில் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்ததை அங்கே ஒருவர் கவனித்துச் சொல்லியிருக்கிறார். அதைத் திருத்த மனு போட்டிருக்கிறார்கள். அது வேறு கதை, இன்னும் முடியவில்லை.

ரியாத் மருத்துவமனை கேட்டது இரண்டுதான். ஸ்டிக்கரின் ஒரு படம், ஸ்டிக்கரில் இருந்த எண். எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அன்று மாலையே வேலை ஒப்பந்தத்தை அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு தூரம் சுமந்துபோன தாளை அவர்கள் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

அவள் என்னிடம் கேட்டது: ‘அண்ணே, அப்போ அசல நான் ரியாத்துக்குக் கொண்டு போணுமா, இல்ல அம்மைட்ட குடுத்துட்டுப் போட்டுமா?’ சேரும் நாளில் ஒருமுறை காட்டச் சொல்லலாம், அதனால் கைப்பையில் வைத்துக்கொண்டு போ, பெட்டியில் போடாதே, காட்டிவிட்டு முதல் லீவில் வரும்போது அம்மாவிடம் கொடுத்துவிடு என்றேன். இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டாள். அசலை நான் கையில் வாங்கவில்லை, அவளையே இயந்திரத்தில் வைக்கச் சொன்னேன்.